கூப்பிடாமல் வந்த புரோகிராமுகளும் என்ர மூண்டு மாதத் தவணையும்

புதுக் கொம்பியூட்டருக்குள்ள கூப்பிடாமல் வந்து குந்தியிருக்கிற புரோகிராமுகளை வெளியில அனுப்பிறது, கலியாண வீட்டில முதல் பந்தியில இருந்திட்ட ஆளை எழுப்பிறதை விடக் கஷ்டமான தொழில். இந்தத் தொழிலில கிடந்து மாரடிச்ச ஆக்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுறன். மற்றாக்களுக்குச் சொன்னால், "புதுசுதானே, அதுக்குள்ள என்ன ஊத்தை?" எண்டு கேப்பினம்.

சண்டை நிண்டு வன்னிக்குப் பாதை திறந்து அடுத்த வருசம், வவுனியாவில ஆறு மாதம் படிச்ச சேட்டிபிக்கேற்றோட கிளிநொச்சியில கனகு அண்ணையின்ர கொம்பியூட்டர் கடையில சேந்தனான். அப்ப வன்னிக்கு வந்த மெசினுகள் ரெண்டு வகை. ஒண்டு, கொழும்பில வாங்கி ஓமந்தைச் சாவடியில பெட்டி உடைச்சுக் காட்டிக் கொண்டந்தது. மற்றது, வெளிநாட்டுச் சொந்தக்காரர் லீவில வரேக்க மடியில வைச்சுக் கொண்டந்தது. ரெண்டிலயும் செய்த கொம்பனிக்காரன் ஒரு சந்தையையே ஏத்தி விட்டிருப்பான். முப்பது நாளைக்கு ஒரு வைரஸ் காவல்காரன், அறுபது நாளைக்கு ஒரு ரைப்பிங் புரோகிராம், இன்ரநெற்றே இல்லாத ஊருக்கு இன்ரநெற் விக்கிற நாலு விளம்பரம். மெசினைப் போட்டிட்டு வீட்டு முற்றம் கூட்டிப்போட்டு வந்தாலும் அது இன்னும் விழிச்சு முடிஞ்சிருக்காது.

இதையெல்லாம் கழட்டிறதுதான் என்ர வேலை. ஆனால் கனகு அண்ணை முதல் நாளே ஒரு கதை சொல்லிப் போட்டார்: "மூண்டு மாதம் பாப்பம் பிள்ளை. நீர் கை வைச்ச மெசின் ஒண்டு பிழையெண்டு திரும்பி வந்தாலும் நீர் போட்டோக் கொப்பிக்குப் போக வேணும், சரியோ?"

ஓமெண்டுதான் சொன்னன். வேற என்னத்தைச் சொல்லுறது? எங்கட பக்கத்துக் கடையளில பொம்பிளைப் பிள்ளையளுக்கெண்டு ஒரு இடம் ஒதுக்கியிருந்தினம், அது போட்டோக் கொப்பி மெசினடி. நான் ஸ்குறூ றைவர் பிடிக்கப் படிச்சனான், அடையாள அட்டையைக் கவிட்டு வைச்சுப் பச்சைப் பட்டனை அமத்த இல்லை. அண்டையில இருந்து வாசல்ல ஆர் மெசினோட ஏறினாலும் கனகு அண்ணையின்ர கண் என்னைப் பாக்கும், என்ர கண் வந்த ஆளின்ர முகத்தைப் பாக்கும்.

சிவப்புக் கேடயம்

இரணைமடுப் பக்கம் நெல்லுக் குத்துற மில் வைச்சிருந்தவர் தம்பிராசா ஐயா. மில் கணக்குப் பாக்க மகள் வற்புறுத்தி ஒரு மெசின் வாங்குவிச்சிருந்தா. அது போட்டுக் கொஞ்ச நேரத்தில ஒரு சிவப்புக் கேடயம் வந்து நிண்டு, "உங்கட கொம்பியூட்டர் ஆபத்தில இருக்கு" எண்டு இங்கிலீசில சொல்லும். அதை மகள் தமிழில சொல்லிக் குடுத்திட்டா. அவ்வளவுதான், பிறகு அந்தச் சிவப்பைக் கண்டால் ஐயா ஓடிப்போய் ஜெனரேற்றரை நிப்பாட்டுவார். ஜெனரேற்றர் நிண்டால் மில்லும் நிக்கும். ரெண்டு கிழமையாய் நெல்லு மூட்டையோட வந்த சனம் அரிசி இல்லாமல் திரும்பிப் போனது.

கடைசியில மெசினைச் சைக்கிளில கட்டிக்கொண்டு வந்தார். நான் பாத்தால் ஒரு ஆபத்தும் இல்லை. முப்பது நாள் முடிஞ்ச காவல்காரன், தன்னைக் காசு குடுத்து வாங்கச் சொல்லி வெருட்டிக்கொண்டு நிக்கிறான். அவனை அனுப்பிப் போட்டு, வேற ஆற்றையும் பிளொப்பியை உள்ள விட முதல் எனக்குக் கொண்டந்து காட்டச் சொன்னன். "அது சும்மா வெருட்டு ஐயா, நீங்கள் நிண்டு முழுக்க வாசிச்சிருக்கலாமே" எண்டு நான் சிரிச்சன். அவர் சிரிக்கேல்லை.

"பிள்ளை, ஆபத்தெண்டு சொன்னால் நாங்கள் ஓடிப் பழகின சனம், நிண்டு வாசிச்சுப் பழக்கமில்லை."

கழட்டின சாமான் எங்கை?

ஒட்டுசுட்டானில இருந்து சிவலிங்கத்தார் எண்டு ஒருத்தர் வந்தார். ரெண்டு டிராக்டர் வைச்சிருக்கிற ஆள். மகளின்ர படிப்புக்குப் புது மெசின் வாங்கி, நேரே எங்களிட்டக் கொண்டந்தவர். நான் வேலை செய்யேக்க எனக்கு முன்னால கதிரையைப் போட்டுக்கொண்டு, டிராக்டர் திருத்துற கராச்சில இருந்து பாக்கிற மாதிரி என்ர கையையே பாத்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொண்டாய்க் கழட்டக் கழட்ட வாய்க்குள்ள எண்ணியிருக்கிறார். முடிஞ்சதெண்டு சொன்னதும் மடியில இருந்த ஓலை உமல் பையை விரிச்சு நீட்டினார்.

"எங்கை, கழட்டினதைத் தாரும்."

எங்கட ஊரில சைக்கிள் எண்டாலும் டிராக்டர் எண்டாலும் திருத்துற ஆள் கழட்டின பழைய சாமானைப் பேப்பரில சுத்திச் சொந்தக்காரன்ர கையில குடுக்க வேணும். குடுக்காதவன் ஒண்டில் மாத்தவே இல்லை, இல்லாட்டில் நல்ல சாமானைக் கழட்டி வேற ஆளுக்கு வித்துப் போட்டான். இதுதான் சட்டம். நான் இதில குடுக்க ஒண்டும் இல்லை ஐயா, அது வெறும் எழுத்து எண்டன். "இருபத்திமூண்டு சாமான் கழட்டினனீர். ஒரு ஆணி கூடவோ மிஞ்சேல்லை?" எண்டு கேட்டார். கடையில நிண்ட சனம் முழுக்கத் திரும்பிப் பாக்குது. கனகு அண்ணை ஒரு இருமல் இருமினார்.

எனக்குக் கோவம் வந்தது. ஆனால் யோசிச்சுப் பாத்தால் மனுசன் கேக்கிறது நியாயம்தானே! ஒரு தாளை எடுத்து இருபத்திமூண்டின்ர பேரையும் தமிழில எழுதி, ஒவ்வொண்டுக்கும் நேரே அது என்னத்துக்கு வந்தது, ஏன் கழட்டினது எண்டும் எழுதி, கீழ கையெழுத்து வைச்சுக் கடைச் சீலும் குத்திக் குடுத்தன். அண்டைக்குப் பிறகு நான் தாள் குடுக்காமல் ஒரு மெசினும் வெளியில போனதில்லை. வவுனியாவில கூட அப்பிடி ஒரு கடையும் குடுக்கேல்லை எண்டு எனக்கு இண்டைக்கும் பெருமை. சிவலிங்கத்தார் ஒவ்வொரு வரியாய் வாசிச்சு, தாளை மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றில வைச்சுக்கொண்டு எழும்பினார்.

"என்ர டிராக்டருக்குள்ள இவ்வளவு வேண்டாத சாமான் வைச்சு வித்திருந்தால், அந்தக் கொம்பனிக்காரனைக் கலப்பையில பூட்டியிருப்பன்."

பிடிச்சுப் பிடிச்சுப் பாவிச்ச அறுபது நாள்

புளியங்குளத்தில ஒரு சங்கத்தின்ர முகாமையாளர் இரத்தினம் மாஸ்ரர். முந்திப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவர். அவரின்ர மெசினைத் துப்புரவாக்கேக்க, அந்த அறுபது நாள் ரைப்பிங் புரோகிராமைத் தொட விடேல்லை. "சும்மா வந்ததை ஏன் எறிவான்?" எண்டார். சரியெண்டு விட்டுட்டு, "அறுபது நாளில நிக்கும்" எண்டு தாளில எழுதிக் குடுத்தன்.

ரெண்டு மாதம் கழிச்சு மோட்டச்சைக்கிளில தலகணி வைச்சு மெசினைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முகம் கறுத்துப்போய் இருந்தது. கனகு அண்ணை கணக்குக் கொப்பியை மூடிப்போட்டு, "வந்திட்டுது ஒண்டு" எண்டார். மாஸ்ரர் மேசையில தட்டித் தட்டிக் கேட்டார்: "அறுபது நாள் எண்டனீர். நான் பாவிச்சது ஒன்பதே ஒன்பது நாள். மிச்சம் அம்பத்தொரு நாளும் எங்கை?"

ஆறுதலாய் இருத்தி விசாரிச்சால்தான் கதை விளங்கிச்சுது. மனுசன் நாளை மிச்சம் பிடிச்சிருக்கிறார்! கிழமை முழுக்கக் கடிதங்களைக் கையால எழுதி அடுக்கி வைச்சிட்டு, திங்கட்கிழமையில மட்டும் மெசினைப் போட்டு எல்லாத்தையும் ஒண்டாய் ரைப் பண்ணி நிப்பாட்டியிருக்கிறார். பாவிக்காத நாள் அப்பிடியே உள்ள இருக்கும் எண்டு நினைச்சிருக்கிறார். பொருளாதாரத் தடைக்குள்ள எண்ணை, சவுக்காரம், பற்றரி எல்லாத்தையும் பிடிச்சுப் பிடிச்சுப் பாவிச்சுக் காலம் தள்ளின சனத்துக்கு வேற எப்பிடி யோசிக்க வரும்? மெசினைப் போட்டாலும் போடாட்டிலும் நாள் ஓடும் மாஸ்ரர் எண்டு சொல்லேக்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

என்னட்ட இருந்த சீடியில இருந்து, தவணை ஒண்டும் இல்லாத, இலவசமான ரைப்பிங் புரோகிராம் ஒண்டைப் போட்டு, அவரின்ர பழைய கடிதம் எல்லாத்தையும் அதில திறந்து காட்டினன். இதுக்கு எத்தினை நாள் எண்டு கேட்டார். மெசின் சாகும் வரைக்கும் எண்டன். "பிள்ளையில பிழையில்லை" எண்டு கனகு அண்ணைக்கும் கேக்கச் சொல்லிப்போட்டு, தலகணியை எடுத்துக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு நிண்டார்.

"தடை இருந்த காலத்தில அரைப் போத்தல் மண்ணெண்ணையை மூண்டு மாதம் எரிச்சனான், இவங்கள் எரிக்காமலே முடிச்சுப் போட்டாங்கள்!"

பாஷை தெரியாட்டிலும் பட்டன் தெரியும்

மூண்டாம் மாதம் வரேக்க எனக்குத் தலைக்கனம் வந்திட்டுது. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? வெளிநாட்டு மெசினுகள் ஜெர்மன், பிரெஞ்சு, நோர்வே எண்டு கண்டறியாத பாஷை எல்லாம் கதைக்கும். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஒரு புரோகிராமைக் கழட்டேக்க அது கேக்கிற கேள்வி எல்லாத்துக்கும் இடப்பக்கப் பட்டன்தான் "ஓம்". வந்த ஆளோட கதைச்சுக்கொண்டு, திரையைப் பாக்காமலே டக், டக், டக் எண்டு அமத்துவன். "பாஷை தெரியாட்டிலும் பட்டன் தெரியும்" எண்டு வாயும் அடிப்பன். கனகு அண்ணை கூட ஆக்களைக் கூப்பிட்டுக் காட்டத் துவங்கியிருந்தார். தவணை முடிய இன்னும் ரெண்டே ரெண்டு நாள்.

அப்பதான் புஷ்பம் அக்கா வந்தவா. மலையகத்தில இருந்து வந்து எங்கட பக்கம் குடியேறின குடும்பம், வயல் கூலிக்குப் போறவா. புருசன் ஜெர்மனிக்குப் போய் நாலு வருசம். அவர் ஒரு ஆளிட்டக் குடுத்து விட்ட லப்டொப்பைத் துவாயில சுத்தி, யூரியா உரப்பையில போட்டு, பஸ்ஸில மடியில வைச்சுக் கொண்டந்திருந்தா. "தங்கச்சி, இதத் தொறந்தா ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து நிக்குது. அவரு அனுப்புன படத்தப் பாக்க விடமாட்டேங்குது. எடுத்து விட்டுருங்க" எண்டா. வழக்கமாய்ப் படம் இருக்கிற இடத்தைப் பாத்தன், நாலு படம் கிடந்தது. அதைத் தொடாமல் மற்றதெல்லாத்தையும் டக், டக், டக். அரை மணித்தியாலத்தில தாளும் எழுதிக் குடுத்து அனுப்பிப் போட்டன்.

அடுத்த நாள் காலமை கடை திறக்க முதலே அந்த உரப்பையோட வாசல்ல நிண்டா. அழேல்லை. மெல்லமாய்த்தான் சொன்னா, "தங்கச்சி, ரூமு காணலைங்க." நாலு படமும் அவரின்ர முகப் படமாம். மிச்சம் எல்லாம் அவர் இருக்கிற அறை. கட்டில், அடுப்பு, ஜன்னல், வாசல்ல கழட்டி வைச்ச செருப்பு வரைக்கும். இவாதான் கேட்டுக் கேட்டு எடுப்பிச்சிருக்கிறா. அறையை ஏன் அக்கா எண்டு கேட்டன்.

"அவரு மொகம் எனக்குத் தெரியும்ங்க. நெனைக்கிறப்ப அவர எங்க கொண்டுபோயி ஒக்கார வைக்கிறதுன்னுதான் தெரியல."

ஓமெண்டு அமத்தினது ஆர்?

விளங்கீற்றுது. மெசினோட சும்மா வந்த ஒரு அல்பம் புரோகிராமுக்குள்ள அவர் அறைப் படங்களை வைச்சிருக்கிறார். நான் அதை விளம்பரம் எண்டு கழட்டினனான். கழட்டேக்க அது கடைசியாய் ஒரு கேள்வி கேட்டது. "உள்ள இருக்கிற படங்களையும் அழிக்கவோ?" எண்டுதான் கேட்டிருக்க வேணும். நான் இடப்பக்கத்தை அமத்தியிருக்கிறன்.

கனகு அண்ணை எழும்பி வந்தார். "என்ன பிள்ளை, மெசின் பிழையோ?" நான் வாய் திறக்க முதல் புஷ்பம் அக்கா சொன்னா, "இல்லைங்க, நாந்தான் தெரியாம எங்கயாச்சும் அமுக்கிட்டேன் போல." அவா உண்மையாய் அப்பிடித்தான் நம்பியிருக்கிறா. நான் பேசாமல் நிண்டிருந்தால் போதும். ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. ஒரு நாள் கழிய அந்தத் திருத்துற மேசை எனக்கு. உண்மையைச் சொல்லுறன், ஒரு மிடறு எச்சில் விழுங்கிற நேரம் நான் பேசாமல்தான் நிண்டனான்.

"இல்லை அண்ணை. நான்தான் அழிச்சனான். என்ன கேக்குதெண்டு தெரியாமல் ஓமெண்டு அமத்தினனான்."

வவுனியாவில எங்களுக்குப் படிப்பிச்சவர் சொன்னது, அழிச்ச சாமானுக்கு மேல வேற சாமான் வந்து குந்தும் வரைக்கும் அது எங்கயும் போகாது எண்டு. லப்டொப்பின்ர டிஸ்க்கைக் கழட்டி எங்கட மெசினில பூட்டி, அந்த வாத்தியார் தந்த மீட்பு சீடியைப் போட்டன். மத்தியானம் சாப்பாட்டுக்கு ஜெனரேற்றரை நிப்பாட்டுறது எங்கட கடை வழக்கம். அண்டைக்குக் கனகு அண்ணை தானே போய் டீசலை ஊத்திப்போட்டு வந்து இருந்தார். புஷ்பம் அக்கா பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. பின்னேரம் மூண்டு மணிக்குள்ள ஒண்டொண்டாய் வந்தது. பேர் இல்லை, ஒழுங்கு இல்லை, சிலது பாதி சாம்பல் நிறம். ஏழு படம் வரவே இல்லை. அதையும் எண்ணிச் சொன்னன். அவா திரையில விரலை வைச்சு ஒவ்வொண்டாய்த் தொட்டுப் பாத்தா.

"அடுப்பு இருக்கு, கட்டிலு இருக்கு, செருப்பு வாசல்ல இருக்கு. ஜன்னலு பாதிதான். பரவாயில்லங்க, அந்தக் குளிருக்குள்ள அவரு அதத் தொறக்கவா போறாரு."

போட்டோக் கொப்பி மெசினடி

அடுத்த நாள் கனகு அண்ணை சொல்ல முதலே என்ர கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டோக் கொப்பி மெசினடியில போட்டன். சொன்ன சொல்லுச் சொல்லுத்தானே. "வேண்டாம் பிள்ளை" எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவார் எண்டு பாத்தன். சொல்லேல்லை. அது எனக்குச் சரியாய் நொந்தது. என்ர மேசைக்கு அவரின்ர தமக்கையின்ர மகன் வந்து இருந்தார், கொழும்பில படிச்ச ஆள். நான் நாலு நாளாய் அடையாள அட்டை கவிட்டுப் பச்சைப் பட்டனை அமத்தினன்.

ஐஞ்சாம் நாள் புஷ்பம் அக்கா வந்தா. பின்னால அவாவின்ர ஊரில இருந்து ரெண்டு பொம்பிளையள், ரெண்டு பேரின்ர கையிலயும் வெளிநாட்டு லப்டொப். புது ஆள் எழும்பிக் கையை நீட்டி, "தாங்கோ அக்கா, என்ர கையால ஒரு பிழையும் வராது" எண்டார். அவையள் குடுக்கேல்லை. புஷ்பம் அக்கா கடை முழுக்கப் பாத்து, நான் நிண்ட மூலையைக் கண்டு, என்னைக் காட்டி மற்ற ரெண்டு பேருக்கும் தலையாட்டினா. கனகு அண்ணைக்கு விளங்கேல்லை. "அக்கா, அந்தப் பிள்ளைதானே உங்கட படத்தை அழிச்சது?" எண்டு கேட்டார்.

"ஆமாங்க. அழிச்சேன்னு சொல்ற ஆளுகிட்டத்தான் குடுப்போம். ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்றவங்ககிட்டக் குடுத்துட்டு, அப்பறம் காணலைன்னா நாங்க யாரப் போயிக் கேக்குறது?"

கதிரையைக் கனகு அண்ணையே தூக்கிக்கொண்டு வந்து மேசைக்கு முன்னால வைச்சார். என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில கெட்டிக்காரி ஆகிறதுக்கு ஆறு மாதப் படிப்புக் காணும், நம்பிக்கையான ஆள் ஆகிறதுக்குத்தான் ஒரு நல்ல பிழை விட வேணும், அதையும் முதலாளிக்கு முன்னால ஒத்துக்கொள்ள வேணும்.